கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பாண்டிச்சேரியில் வந்து இறங்கினால் முதல் சில நாட்கள் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. கடைக்குள் காலை வைத்ததும் அது தானாகவே வணக்கம் சொல்லிவிடுகிறது. பாரிஸ் புறநகரில் நாங்கள் இருக்கும் பகுதியில் ரொட்டிக் கடைக்குள் போய் 'போன்ழூர்' சொல்லாமல் ரொட்டி கேட்டால் கடைக்காரி ரொட்டியைக் கொடுப்பாள், ஆனால் அவள் வீட்டுக் கோழியை நாம் திருடிவிட்டது போலப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தில், கதிர்காமத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் நுழைந்து, "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?" என்றேன். கடைக்காரர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, என் பின்னால் யாராவது கொடி பிடித்து வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "எலெக்‌ஷன் இப்ப இல்லியேம்மா?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. வணக்கத்தைப் போலவே, ஊருக்கு ஊர் முதல் கேள்வியும் மாறுகிறது. அங்கே என் முகத்தைப் பார்த்ததும் வருகிற கேள்வி, 'நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?' என்பது. அந்த ரொட்டிக் கடைக்காரி கேட்டபோது, "மூன்றாவது மாடியிலிருந்து" என்றேன். "இல்லை மதாம், அதற்கு முன்னால்?" என்றாள். "அதற்கு முன்னால் ஐந்தாவது மாடியில் இருந்தோம். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், அதனால் கீழே வந்துவிட்டோம்" என்றேன். பாவம், எனக்கு பிரெஞ்சு புரியவில்லை என்று முடிவுகட்டி, அதே கேள்வியை மெதுவாகவும் சத்தமாகவும் இன்னொரு முறை கேட்டாள். புலம்பெயர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. நம்மைக் காது கேளாதவர்களாகத்தான் முதலில் குடியேற்றுகிறார்கள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்து கான்தீனில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன தட்டுகளைக் கழுவும்போது கூட இருக்கும் பெண்களைச் சிரிக்கவைக்க இப்படிப்பட்டவர்களை நடித்துக் காட்டுவேன். அதைப் பார்த்த ஒருத்தி எங்கள் பகுதி மக்கள் மன்றத்தில் சொல்லிவிட, மேடையேற்றிவிட்டார்கள். நான் நடிப்பதில் பேர்போனது 'வீட்டுக்காரி' என்கிற துண்டு. தலையில் ஒரு தொப்பி, கழுத்தில் ஃபுலார் என்று அவர்கள் சொல்கிற பட்டுத் துணி, அவ்வளவுதான் வேஷம். நம்மவர்களுக்காக அதையே தமிழில் ஒரு சங்க விழாவில் நடித்தேன். யாரோ படம் பிடித்து அனுப்ப, பாண்டி முழுவதும் சுற்றிவிட்டது. அதிகம் சுற்றவிட்டவர் என் அண்ணன் சவரிதான். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த முக்கிய அலுவலே அந்த வீடியோவை அனுப்புவதுதான் என்று அண்ணி சொல்வார். 'என் தங்கச்சி வெள்ளைக்காரியையே கலாய்க்கிறா பாரு' என்று கீழே எழுதி அனுப்புவாராம்.

அந்த வீட்டுக்காரி கற்பனை இல்லை. கல்யாணமாகிப் போன புதிதில் நானும் என் கணவரும் வீடு தேடினோம். கான்வென்ட்டில் படித்த என் பிரெஞ்சு அவருடையதைவிட நன்றாக இருந்ததால் தொலைபேசியில் பேசுவது என் வேலை. அவர் வீட்டுக் குடும்பப் பெயர் அந்துவான். அவர் கொள்ளுத்தாத்தா நம் ஊர்ச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் போனபோது சூட்டிக்கொண்ட பெயர். 'மதாம் அந்துவான்' என்றதும் அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கோயிலுக்குப் போவீர்களா என்றாள், கத்தோலிக்கர்தான் என்றேன், உடனே வரச் சொன்னாள். கதவைத் திறந்தவள் என் தோளுக்கு மேலாக மாடிப்படியைப் பார்த்து, "மதாம் அந்துவான் கூட வரவில்லையா?" என்றாள். நான்தான் என்றேன். அவள் கை ஃபுலாருக்குப் போய் அதன் முடிச்சை இறுக்கியது. "சே தெழா லுவே" என்றாள். வீடு ஏற்கெனவே போய்விட்டதாம், நான் படியேறி வந்த நேரத்துக்குள். பிறகு, மனசு கேட்காமல், விளக்கமும் சொன்னாள். நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை. எனக்கு உங்கள் ஆட்கள் நிறைய பேர் சிநேகம். ஆனால் கட்டடத்தில் மற்றவர்கள் இருக்கிறார்கள், சமையல் வாசனை அது இது என்று பேச்சு வரும். உங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் நல்ல வீடெல்லாம் கிடைக்குமே.

அன்று தெருமுனைத் தொலைபேசியில் இருந்து அண்ணனைக் கூப்பிட்டு அழுதேன். அந்தப் பக்கம் அவரும் அழுதார். அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர். "அவங்களுக்கெல்லாம் மனசே கெடையாதா பிலோ?" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்க ஒனக்கு வீடு இருக்கு. ஒன்ன எவனும் வாசல்ல நிக்க வெச்சுப் பேச முடியாது. மேல ஒரு மாடி கட்டறேன், ஒனக்குன்னு" என்றார். சொன்னபடி கட்டினார். நான் அனுப்பியதைப் போட்டு, வெயிலில் நின்று, கொத்தனாரோடு சண்டை பிடித்து, விட்டு விட்டுப் பல வருஷங்களாகக் கட்டினார். இந்த முறை நான் வந்தது அந்த மாடி முடிந்து, எங்களில் கிரகப்பிரவேசம் மாதிரியான வீடு மந்திரிப்புக்காக. நான் இப்போதைக்கு ஊர் திரும்புவதாக இல்லை என்பதால் அதை வாடகைக்கு விடுவது என்று பேசி வைத்திருந்தோம். மாடி என் பெயரில் இருந்தாலும் யாருக்கு விடுவது என்பதெல்லாம் அண்ணன் பொறுப்பு.

மந்திரிப்புக்கு முந்தின நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெசிந்தா, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவு டூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தாள், கூட அவள் அம்மா. தவளக்குப்பம் தாண்டி ஒரு கிராமம் சொந்த ஊர். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து இங்கே சிகிச்சைக்கு வந்து, முடிந்ததும் பஸ்ஸிலேயே சுருண்டு படுத்துக்கொண்டு ஊர் போகிறார். மருத்துவமனைக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும், சிகிச்சை முடிந்ததும் அம்மா படுத்துக்கொள்ளலாம். ஜெசிந்தா அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான். அண்ணனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. நானும் அண்ணியும் சமையலறையில் மறுநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், கூடத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அம்மா மாடிப்படி ஏறிடுவாங்களா?" என்றார் அண்ணன்.

"பஸ் படியே ஏறிடறாங்க சார். இது எம்மாத்திரம்."

அண்ணன் சிரித்தார். சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றுவது அவர் பழக்கம், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "நம்ம கத்தோலிக்க குடும்பம்னு போன்லயே சொன்ன. ரொம்ப சந்தோஷம். எந்தப் பங்கு?" என்றார். அவள் தன் கோயில் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னாள். "அட, தெரியுமே. மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துருக்கேன். அங்க நீங்க கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது வழி கேட்பது போலத்தான் இருக்கும். இந்துக் குடும்பங்களில் எதை எதையோ வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களில் எல்லாரும் ஜோசப், மேரி என்று இருப்பதால் பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிட்டது என்று மேடையில் சொல்லிக்கொள்வோம், அது கழுவியது பெயரை மட்டும்தான். அதனால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கோயிலுக்கு முன்னால் எங்கள் தெருக்கள், பின்னால் தலித் கத்தோலிக்கர் தெருக்கள் என்று இருப்பதை வைத்து இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டிக் கடைக்காரியின் 'அதற்கு முன்னால்?' போலவே இதுவும் சிரித்த முகத்தோடுதான் கேட்கப்படும்.

"பின்னாடிதான் சார்" என்றாள் ஜெசிந்தா.

சாவிச் சத்தம் நின்றது. அண்ணி வெங்காயத்தை உரிப்பதை நிறுத்தாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். கூடத்தில் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அதாகப்பட்டதும்மா..." என்று ஆரம்பித்தார். "நாங்க அதெல்லாம் பாக்கற ஆளுங்க கெடையாது. எனக்கு ஒங்க ஆளுங்க நெறைய பேரு சிநேகம்..." அடுத்து என்ன வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும், எத்தனையோ மேடைகளில் நான் பேசிய வசனம். "ஆனா அக்கம்பக்கம் இருக்காங்க. சமையல், அது இதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். ஒங்க ஆளுங்க இருக்கற பக்கமே நல்ல வீடெல்லாம் கெடைக்குமே" என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் மட்டும், "பரவால்லங்க" என்றார்.

நான் கேட் வரை ஓடினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், நம்பர் கொடு, ஏதாவது பார்க்கிறேன் என்றேன். ஜெசிந்தா என்னையே பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, நீங்க அந்த வெள்ளக்காரி வீடியோ ஆண்ட்டிதானே? எங்க வார்டுல எல்லாரும் பாத்தோம். செம காமெடி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பாராட்டினாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

உள்ளே வந்து, "ஏண்ணா இப்டிப் பண்ண?" என்றேன்.

"அது வேற பிலோ. ஒனக்குப் புரியாது. ரெஜினாவுக்கு மாப்ள பாத்துட்டிருக்கோம். வீட்ல யாரு குடியிருக்காங்கன்றதுலேர்ந்து விசாரிப்பாங்க" என்றார். ரெஜினா அவர் மகள். அவருடைய பயம் பொய்யில்லை, அப்படி விசாரிக்கிறவர்கள் மறுநாள் பிரியாணிக்கு வர இருந்தார்கள். அதற்கு மேல் பேசினால் சண்டை என்பதால் அவர் தொலைக்காட்சியைப் போட்டார், நான் போய் மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.

மறுநாள் பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி, மாடியில் ஒவ்வோர் அறையாக மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் சமாதானம் உண்டாகட்டும் என்றபோது அண்ணன்தான் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னார். பிறகு மொட்டைமாடிப் பந்தலில் உறவும் அக்கம்பக்கமும் உட்கார்ந்தார்கள். இலை போடும் முன்பே, "பிலோ, அந்த வெள்ளக்காரிய ஒரு தரம் பண்ணும்மா" என்று கூட்டம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனே போய் ரெஜினாவின் வெயில் தொப்பியையும் துப்பட்டாவையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. வேண்டாம், வெள்ளைக்காரியை மட்டும் நடித்துவிட்டுச் சாப்பிட்டு பாரிஸ் போய்ச் சேர் என்று ஒரு மனசு சொன்னது. முந்தின நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய ஜெசிந்தாவின் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

முதலில் வெள்ளைக்காரியை நடித்தேன். மூக்கைத் தூக்கி, துப்பட்டா முடிச்சை இறுக்கி, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பந்தலே குலுங்கியது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கை தட்டி முடிக்கும் முன்பே தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன். துப்பட்டாவை அவிழ்த்து மடித்துத் துண்டு மாதிரி தோளில் போட்டேன். முன்வரிசையில் இருந்த அண்ணனின் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினேன். தொண்டையைச் செருமி, "அதாகப்பட்டதும்மா..." என்றேன்.

இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. சவரியேதான், சவரியேதான் என்று கத்தினார்கள். அண்ணனும் வெட்கத்தோடு சிரித்தார். நான் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து, "எந்தப் பங்கு? அட, தெரியுமே. கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றேன். சிரிப்பு பாதியில் அறுந்தது. நாற்காலியின் பதிலுக்குக் காத்திருப்பது போல நின்று, சாவிச் சுழற்சியை நிறுத்தினேன். பிறகு வெள்ளைக்காரி சொன்ன அதே வரிகள், ஒரு சொல்லும் மாற்றவில்லை. நாங்க அதெல்லாம் பாக்கற ஆளுங்க கெடையாது. எனக்கு ஒங்க ஆளுங்க நெறைய பேரு சிநேகம். கடைசி வரி வந்தபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மூன்றாம் வரிசையில் ஓர் ஐந்து வயதுப் பெண் குழந்தை மட்டும், "மறுபடியும் சாவி சுத்துங்க அத்த" என்றது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வேண்டியிருப்பதை நினைவுகூர்ந்து எழுந்தார். பிரியாணி வாசனை அவரைத் தடுக்காத ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணன் எழுந்து நின்றார். "வெள்ளக்காரி ஒன்ன வாசல்ல நிக்க வெச்சா. அன்னிக்கு நான் ஒங்கூட அழுதேன். அது பொய்யா பிலோ?" என்றார்.

"பொய்யில்லண்ணா. அழுதவன்றதாலதான் ஒன்னக் கேக்கறேன்."

"என் வீட்ல, என் சாவிய எடுத்து, என்னையே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "மாடி ஒன்னோடது. நீயே வெச்சுக்க, யாருக்கு வேணா குடு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சாவி என் விரலிலேயே இருந்தது. அண்ணி கரண்டியை எடுத்துக்கொண்டு, "சாப்பாடு ஆறுது, எல, எல" என்று சத்தம் போட்டார். ஜனங்கள் சாப்பிட்டார்கள், ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் தயிர்ப் பச்சடியை மட்டும் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு அழுகை வந்தது, செய்தது சரி என்பதால் அழுகை வராமல் இருக்கவில்லை.

அன்று மாலையே ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, வீடு உனக்குத்தான், வந்து சாவி வாங்கிக்கொள் என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பந்தலில் நான் நடித்ததை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள், அதையும் அவள் வார்டில் பார்த்திருக்கிறார்கள்.

"சிரிப்பு வந்துச்சு ஆண்ட்டி. ஆனா நீங்க ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவீங்க. தெனம் காலையில அவரு மூஞ்சில முழிக்கறது நானும் எங்கம்மாவுந்தான். சார் அவரா கூப்ட்டுச் சொன்னா வரேன். இல்லன்னா வாணாம்."

"அம்மாவுக்கு..."

"எங்கம்மாவுக்குந்தான் சொல்றேன்" என்றாள்.

என் நையாண்டி வீட்டைத் திறந்துவிட்டது என்று ஒருநாள் முழுக்கப் பெருமைப்படக்கூட அவள் விடவில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதால் எனக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை. சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு பாரிஸ் திரும்பினேன். புறப்படும்போது அண்ணன் என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாஸ்போர்ட்ட எடுத்துக்கச் சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்கண்ணி" என்றேன்.

அதன் பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டார். மாடி காலியாகவே கிடந்தது. அந்த அம்மாள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். தட்டு கழுவும்போது மற்றவர்கள் வீட்டுக்காரியைச் செய்யச் சொன்னால், தலைவலி என்றேன். ஒருநாள் அண்ணி கூப்பிட்டு, "தெனம் சாயங்காலம் அந்த வீடியோவப் போட்டுப் பாக்கறாரு பிலோ. நீ அவர மாதிரி பண்ணதத்தான். சிரிக்கவும் மாட்டேங்கறாரு, அழிக்கவும் மாட்டேங்கறாரு" என்றார். இன்னும் சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "அந்த நர்சுப் பொண்ணு நம்பர் கேக்கறாரு ஒங்க அண்ணன்." அனுப்பிவிட்டு, கான்தீனில் மிச்சமிருந்த தட்டுகளைக் கழுவினேன். மாலையில் ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்தது. 'சார் பேசினாரு ஆண்ட்டி. மாடி ஒங்களுக்குத்தான், அம்மாவ கூட்டிட்டு வாம்மான்னாரு. மன்னிப்பெல்லாம் கேக்கல. முன்னாடியா பின்னாடியான்னும் கேக்கல.'

வீட்டைக் கொடுத்துவிட்டார், பேச்சை மட்டும் இன்னும் எனக்குக் கொடுக்கவில்லை. ரெஜினாவுக்கு வரன் தள்ளிப்போயிருக்கிறது, அதற்கும் நான்தான் காரணம் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். 

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மன்றத்தில் மறுபடி வீட்டுக்காரியைப் போட்டிருந்தார்கள். தொப்பியும் ஃபுலாரும் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றபோது ஜெசிந்தா வீடியோவில் கூப்பிட்டாள். மொட்டைமாடியில் அவள் அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் வேஷத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஜெசிந்தாவின் பின்னால், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறி வந்த அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விரலில் சாவிக்கொத்து.

"சார் இங்கதான் நிக்கறாரு ஆண்ட்டி. குடுக்கட்டுமா?"

அண்ணன் போனை வாங்கிக்கொள்ளவில்லை. தொட்டி மூடியைப் பார்த்தபடி, "அங்க குளிரான்னு கேளும்மா" என்றார்.

எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் ஜெசிந்தா, "அங்க குளிரான்னு கேக்கறாரு ஆண்ட்டி" என்றாள்.

"குளிர்தான்னு சொல்லு."

"குளிர்தானாம் சார்."

"மேல எதனா போட்டுக்கச் சொல்லு. சும்மா அந்த வெள்ளக்காரித் துணிய மட்டும் சுத்திக்கிட்டு நிக்கப்போறா."

அதையும் அவள் எனக்குச் சொன்னாள். வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அண்ணன் திருப்பி அனுப்பிய பெண்ணைத் தவிர எங்கள் இருவருக்கும் இடையில் பேசுவதற்கு இப்போது வேறு ஆளில்லை. "போட்டுக்கறேன்னு சொல்லும்மா" என்றேன். அதற்குள் "மதாம் அந்துவான், உங்கள் முறை" என்று கூப்பிட்டுவிட்டார்கள். மேடைக்குப் போனேன். "சே தெழா லுவே" என்று ஃபுலார் முடிச்சை இறுக்க வேண்டிய இடத்தில் என் கை கழுத்துக்குப் போகவில்லை, ஆள்காட்டி விரலை நீட்டி இல்லாத சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது யாருடைய விரல் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.